விமானத்தின் வயதைக் கேட்காதீர்கள், ஏற்ற இறக்கத்தைக் கேளுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பிள்ளையைத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பும் வீடுகளில் டிக்கெட் போடும்போதே "பழைய பிளேனா இருந்தா?" என்ற பயம் வந்துவிடுகிறது. பராமரிப்புத் தொழிலில் இருக்கும் நாங்கள் வயதை அடுத்துத்தான் பார்ப்போம். எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே முதல் கேள்வி.

உயரே போகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவுக்கு மேல் தாங்கி அலுமினிய உடல் விரிகிறது, இறங்கினால் சுருங்குகிறது. இப்படி ஒருமுறை ஏறி இறங்குவதைத்தான் ஒரு 'சைக்கிள்' என்கிறோம். விரிந்து சுருங்கியே ரிவெட் துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். நெடுந்தூரம் பறக்கும் விமானத்தைவிட, தீவுக்குத் தீவு தாவும் விமானத்துக்கு இது பல மடங்கு.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கு நடந்தது அதுதான். வயது 19, சைக்கிள் 89,000-க்கு மேல். 24,000 அடியில் மேற்கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்ந்துபோனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடுகளை இணைத்த பசை விட்டு, உப்பு ஈரம் உள்ளே புகுந்திருந்தது. காசிமேட்டில் ஜன்னல் கம்பியை உப்புக்காற்று என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அலுமினியத்தில் செந்துரு வராது. வெள்ளைப் பொடி பூத்து அடுக்கடுக்காக உரியும். கழிவறைக்கும் சமையல் பகுதிக்கும் அடியில், கசிந்த தண்ணீர் நிற்கும் இடத்தில்தான் இது அதிகம். அதனால்தான் பெரிய செக்கில், அதாவது முழுப் பரிசோதனையில், இருக்கை, பேனல், கழிவறை எல்லாவற்றையும் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசலை, மின்காந்தத்தால் கண்டுபிடிக்கும் எடி கரண்ட் கருவியால் தேடுகிறோம்.

வயதைவிட மோசமானது அரைகுறை ரிப்பேர். 2002 மே 25 அன்று சைனா ஏர்லைன்ஸின் 747 நடுவானில் சிதறி 225 பேர் இறந்தார்கள். 1980-இல் அதன் வால் ஓடுதளத்தில் உரசியிருந்தது. கீறலை முறையாக நீக்காமல் மேலே தகடு வைத்து மூடினார்கள். விரிசல் அதற்கடியில் 22 ஆண்டு வளர்ந்தது.

புதிது என்பதும் உத்தரவாதமல்ல. 2018, 2019-இல் விழுந்த இரண்டு 737 மேக்ஸும் சில மாதமே ஆனவை. 346 உயிர்கள் போயின. ஆனாலும் புது வடிவமைப்பில் உண்மையான பலன் உண்டு: மோதலில் 16 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசை, தாங்கும் இருக்கை, எரிபொருள் தொட்டியில் தீப்பிடிக்காமல் நைட்ரஜன் நிரப்பும் அமைப்பு. பராமரிப்பு சமமாக இருந்தால் நாங்கள் புதியதையே சொல்வோம்.

கிழிந்த சீட் உறையை வைத்து எடைபோடாதீர்கள். எஞ்சினைத் தனியாகக் கழற்றி ஓவர்ஹால் செய்வார்கள், அதற்கும் உடலின் வயதுக்கும் தொடர்பில்லை. நிறுவனத்தைப் பாருங்கள்: ஐரோப்பிய யூனியன் தடைசெய்த விமான நிறுவனங்களின் பட்டியலும், சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் 'அயோசா' பாதுகாப்புத் தணிக்கையில் தேறியவற்றின் பதிவேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டும் முன் இரண்டிலும் பெயரைத் தேடிவிடுங்கள்.