துடுப்புச் சக்கரத்தைக் கழற்றி ஜெட் பூட்டிய கப்பல்

1888-ல் ஸ்காட்லாந்தின் ரூதர்க்ளென்னில் கட்டப்பட்ட ‘லூசி ஆஷ்டன்’, ரயில் பயணிகளுக்கான நீராவிக் கப்பல். கட்டச் சொன்னது நார்த் பிரிட்டிஷ் ரயில்வேயின் துணை நிறுவனம். கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் வந்து கிரெய்கெண்டோரன் துறையில் இறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு, இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் சுழல, கிளைட் கழிமுகக் கரையோர ஊர்களுக்குப் போகும். இரண்டு உலகப் போர்களையும் தாண்டி 1949 வரை உழைத்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஓய்வுபெற்ற பின் அது செய்த வேலை.

கப்பலை நீர் எவ்வளவு விசையோடு தடுக்கிறது? வடிவமைப்பாளர்கள் சிறு மாதிரியைத் தொட்டியில் இழுத்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 19ஆம் நூற்றாண்டில் காட்டிய வழி அது. தடையில் இரண்டு பங்கு உண்டு: அலை எழுப்புவதில் செலவாகும் விசை, கப்பல் உடலின் மேற்பரப்பில் நீர் உரசுவதால் வரும் விசை. முதலாவதை மாதிரியிலிருந்து பெரிய கப்பலுக்கு நேராகப் பெருக்கிக்கொள்ளலாம். உராய்வு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அதைத் தனியே மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த மதிப்பீடு சரிதானா என்று பார்க்க, முழு அளவுக் கப்பலிலேயே அளந்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். துடுப்புச் சக்கரமோ திருகுவிசிறியோ சுழன்றால் உடலைச் சுற்றிய நீரோட்டமே மாறிவிடும். வேறொரு கப்பல் இழுத்தால் அது கலக்கிவிட்ட நீர் குறுக்கே வரும். பிரிட்டிஷ் கப்பல் கட்டுமான ஆராய்ச்சிச் சங்கம் இதற்குக் கண்ட வழி அபாரமானது. லூசி ஆஷ்டனின் சக்கரங்களையும் எஞ்சினையும் அகற்றி, மேலே நான்கு ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். மீட்டியார் போர் விமானத்தைப் பறக்கவைத்த எஞ்சின் வகை அது.

ஜெட் காற்றைத்தான் பின்னே தள்ளும், நீரைத் தொடாது. வேகம் சீராக இருக்கும்போது உந்துவிசையும் மொத்தத் தடையும் சமம். எனவே எஞ்சின் தாங்கிகளில் விழும் விசையை அளந்து, காற்றின் தடையைக் கழித்தால், நீரின் தடை கையில் கிடைத்துவிடும். 1950, 1951-ல் ஸ்காட்லாந்தின் கேர் லாக் நீர்ப்பரப்பில், மணிக்குச் சுமார் 15 கடல்மைல் வேகம் வரை சோதித்தார்கள்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ரிவெட் அடித்து இணைக்கப்பட்டிருக்கும். இந்தச் சோதனையில் அந்த மேடான விளிம்புகளைப் பூசிச் சரிவாக்கியதும் தடை அளவிடத்தக்க அளவுக்குக் குறைந்தது. ரெட் ஆக்சைடு பெயிண்டுக்குப் பதில் அலுமினியம் கலந்த தார்ப் பெயிண்ட் அடித்தபோதும் குறைந்தது. சில வாரங்கள் நீரில் கிடந்து உடலில் பாசி படிந்ததும் மறுபடி ஏறியது.