கை தெரிய வேண்டும்

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஏதாவது நகைக்கடைக்குப் போனால் மோதிர ட்ரேயைக் கவனியுங்கள். ஒவ்வொரு மோதிரத்துக்கும் வெல்வெட்டில் தனித்தனி இடம். ஒன்றை எடுத்து விரலில் போட்டுப் பார்த்தால், ட்ரேயில் பல் விழுந்த மாதிரி ஒரு சந்து தெரியும். விற்பவர் எண்ணவே வேண்டாம், கண் தானாக அங்கே போய் நிற்கும்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களிலும் காவலுக்கு அடிப்படை இதுதான். மேசையில் ஆட்டத்தை நடத்தும் ஊழியரான டீலர், மேசையை விட்டு எழும்போது இரு கைகளையும் தட்டி, உள்ளங்கை புறங்கை இரண்டையும் மேலே திருப்பிக் காட்டுவார். ஆட வருபவர் தரும் நோட்டுகளை மேசையில் பரப்பி வைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் தள்ளுவார். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்காகவே இவ்வளவும். கேமராவைப் பெரிதாகப் பேசுகிறோம். என்னைக் கேட்டால் பாதிக் காவல் இந்தப் பழக்கங்களில்தான் இருக்கிறது.

அந்தக் கண் முதலில் மனிதக் கண்ணாகவே இருந்தது. கூடத்தின் கூரைக்குள் ஒடுக்கமான நடைபாதை போட்டிருப்பார்கள். அதில் ஆட்கள் பைனாகுலரோடு நடந்து, ஒருவழிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்ப்பார்கள். அந்தக் கண்ணாடியில் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும், மீதியை உள்ளே விடும். வெளிச்சத்தில் நிற்பவருக்குத் தன் முகமே தெரியும். இருட்டில் இருப்பவருக்கு எதிர்ப்பக்கம் தெரியும். சன் ஃபிலிம் ஒட்டிய காருக்குள் பகலில் நமக்கு எதுவும் தெரியாது. ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அதே கணக்குதான். அதனால் கூரைக்குள் விளக்கே கூடாது.

பிறகு கேமராவும் வீடியோ கேசட்டும் வந்தன. ஒரு தில்லுமுல்லைத் தேடிப் பிடிக்க டேப்பை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் பதிவு வந்ததும் மேசையையும் நேரத்தையும் சொன்னால் போதும், அந்த இடம் வந்து நிற்கும்.

இப்போது பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் சிப்பே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 2005-இல் திறந்த வின் லாஸ் வேகாஸ் என்ற சூதாட்ட விடுதி, ஆர்.எஃப்.ஐ.டி. என்ற ரேடியோ அடையாளச் சில்லு பதித்த சிப்புகளோடுதான் தொடங்கியது. சிப்புக்குள் ஒரு கம்பிச்சுருள், ஒரு துளி மின்சில்லு. பேட்டரி கிடையாது. மேசைக்கு அடியில் உள்ள கருவியின் ரேடியோ அலை பட்டதும் சுருளில் மின்சாரம் பிறந்து, சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். கப்பலூர் டோல்கேட்டில் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான். போலிச் சிப்பில் அந்த எண் இருக்காது. திருட்டுப்போன சிப்பின் எண்ணைக் கணினியில் நீக்கிவிட்டால் அது வெறும் வட்டு.

ஆனால் 2023 செப்டம்பரில், சூதாட்ட விடுதிகள் நடத்தும் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் மேசைப் பக்கமே வரவில்லை. ஊழியர் போலப் பேசி, கணினி உதவிப் பிரிவை ஏமாற்றி உள்ளே நுழைந்தார்கள் என்கின்றன செய்திகள். ஸ்லாட் மெஷின்கள் நின்றன, அறைகளின் டிஜிட்டல் சாவிகள் வேலை செய்யவில்லை. நிறுவனமே சொன்ன கணக்குப்படி பாதிப்பு சுமார் 10 கோடி டாலர். கூரையில் இருந்த எந்தக் கேமராவிலும் படாத கை அது.