ஹீட்டிங் மேட் வாங்குமுன் தரையை வரைந்து பாருங்கள்

இலண்டன் ஹரோ பகுதியில் ஒரு வீடு. குளியலறைத் தரைக்கு மின்சூடு போட 5 சதுர மீட்டர் ஹீட்டிங் மேட்டை வாங்கி வைத்திருந்தார் வீட்டுக்கார அம்மா. டைல்ஸுக்கு அடியில் விரிக்கும் வலை அது; சூடேறும் வயர் அதில் வளைந்து வளைந்து ஓடும். அறை 2.5க்கு 2 மீட்டர். கணக்கு சரிதானே என்று நினைத்திருக்கிறார். மின்வேலைக்கு நான் போவதற்குள் டைல்ஸ் வேலைக்கு வந்தவர், இடம் கொள்ளாமல் மிஞ்சிய பகுதியை வயரோடு வெட்டி எறிந்துவிட்டார். "தம்பி, கொஞ்சம்தானே வெட்டினது, ஒட்டித் தாங்கோவன்" என்றார் அம்மா.

ஒட்ட முடியாது. வலையை வெட்டி மேட்டைத் திருப்பலாம். வயரில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதன் மின்தடை அந்த முழு நீளத்துக்கானது. நீளம் குறைந்தால் தடை குறையும், மின்னோட்டம் ஏறும், வயர் அளவுமீறிச் சுடும்.

அதனால் முதலில் ஒரு தாளில் தரையை வரையுங்கள். அந்த 5 சதுர மீட்டரில் குளியல் தொட்டிக்கு 1.2 போனது. கழிவறைக் கோப்பைக்கும் தரையோடு நிற்கும் அலுமாரிக்கும் 0.6. மிச்சம் 3.2. சுவரோரம் 5 சென்டிமீட்டர் விட்டால் 3க்கும் கொஞ்சம் கீழே. வாங்க வேண்டியது 2.5 சதுர மீட்டர் மேட். சிறிது குறைந்தால் பரவாயில்லை, கூடினால்தான் சிக்கல்.

தொட்டிக்கும் அலுமாரிக்கும் அடியில் ஏன் போடக் கூடாது? சூடு மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி வயரைக் கெடுக்கும். சமையலறையிலும் இதே கதைதான். நம் வீடுகளில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தரையில் அப்படியே சாய்த்து வைப்போம். மூட்டை எந்த மூலையில் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த இடத்தை விட்டுவிடுவேன். கால் வைத்த மேசை, கட்டில் என்றால் அடியில் காற்றோடும். மெத்தையைத் தரையில் விரிப்பவர்கள் அவசியம் சொல்லிவிடுங்கள்.

கான்கிரீட் தரையானால் மேட்டுக்கு அடியில் இன்சுலேஷன் பலகை வேண்டும். இல்லாவிட்டால் சூடு கீழே இறங்கி, டைல்ஸ் சுடவே வெகுநேரம் ஆகும்.

அப்புறம் தரைச் சூட்டை அளக்கும் சென்சர். இரண்டு வயர் வரிசைகளுக்கு நடுவே, எதையும் தொடாமல், ஒரு குழாய்க்குள் விட வேண்டும். பழுதானால் டைல்ஸை உடைக்காமல் உருவி எடுக்கலாம்.

சதுர மீட்டருக்கு 150 வாட் என்றால் 2.5 மேட் 375 வாட். 230 வோல்ட்டில் தடை சுமார் 141 ஓம் காட்ட வேண்டும். பெட்டியைத் திறந்ததும், விரித்ததும், டைல்ஸ் ஒட்டியதும் என மூன்று முறை மல்டிமீட்டரில் பார்த்து எழுதி வைக்கிறேன். இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி கட்டாயம். பசை முழுதாக இறுகும்வரை, ஒரு வாரமோ அதற்கு மேலோ, சுவிட்சைப் போடாதீர்கள்.

அந்த அம்மா புது மேட் வாங்கினார். டைல்ஸ் மூடுமுன் அளவுநாடாவைத் தரையில் நீட்டி வைத்துப் படம் எடுத்தேன். பிறகு யாராவது கதவுத்தடுப்புக்குத் துளைபோட வந்தால் பார்க்கட்டும் என்று, வரைபடத்தோடு சேர்த்து ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.