மிஞ்சிய மாட்டுக்கறி: மறுநாள் சமையலை முதல்நாள் ராத்திரியே யோசியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பீஃப் எடுக்கிற வீடுகளில் கறி மிஞ்சுவது சகஜம். நாலு பேருக்கு ஒரு கிலோ வாங்கினால் திங்கட்கிழமைக்கும் கொஞ்சம் நிற்கும், பக்ரீத், கிறிஸ்துமஸ் என்றால் கேட்கவே வேண்டாம். உணவியல் ஆலோசகராக, என்னிடம் வருகிறவர்கள் முந்தின நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் கேட்பது என் வேலை. "நேத்து வச்ச கறிதான் மேடம், நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம்" என்று அடிக்கடி கேட்கிறேன், வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் சூடு பண்ணியதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன்னால் அந்தக் கறி எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்றுதான் கேட்பேன். அடுப்பு மேலேயே, மூடி போட்டு, ராத்திரி முழுக்க.

இங்கேதான் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி வருகிறது. இதன் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் தூங்குகிற வடிவம், சாதாரணக் கொதிநிலையில் சாகாது. குக்கர் சூட்டில் நிறையச் செத்துப்போகலாம், ஆனால் அப்புறம் சேர்க்கிற மசாலாத் தூளிலும் அதே வித்துகள் இருக்கலாம். பெரிய குண்டானில் கெட்டிக் குழம்போடு கறி மெதுவாக ஆறும்போது, 43 முதல் 47 டிகிரி வரைக்கும் உள்ள சூட்டில், தப்பித்த வித்துகள் முளைத்து, கிருமி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். கறியில் கெட்ட வாடை வராது, நுரைக்காது, ருசியும் மாறாது, அதனால் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடித்து இழுக்கும், பேதியாகும், வாந்தி பெரும்பாலும் இருக்காது. நடுப்பகுதி வரைக்கும் 75 டிகிரி ஏறும்படி கொதிக்க வைத்தால் பெருகிய கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் நாம் செய்வது பெரும்பாலும் ஓரம் கொதித்ததும் இறக்கிவிடுவது. மிஞ்சியது பிரியாணி என்றால் இன்னும் சிக்கல். சோற்றில் வளர்கிற பாசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி ஒரு நஞ்சை விட்டுவைக்கும், எவ்வளவு சூடு பண்ணினாலும் அது போகாது.

சரி, என்ன செய்வது? சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு, நம் ஊரில் பாதி வருஷம் அப்படித்தான். குண்டானோடு தூக்கி வைக்காதீர்கள். அகலமான தட்டத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் சீக்கிரம் ஆறும். வெதுவெதுப்பாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்ற பயம் சின்னப் பாத்திரத்துக்குத் தேவையில்லை. 4 டிகிரியில் மூன்று நாலு நாள் தாங்கும், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்குத் தீர்கிற அளவுக்கு அரைக்கிலோ வாங்குவதுதான் சரி.

மறுநாள் குழம்பு அல்வா மாதிரி உறைந்திருக்கும். மேலே வெள்ளையாக நிற்பது கொழுப்பு, கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் அதை ஸ்பூனால் வழித்துப் போடலாம். அடியில் ஆடுகிற ஜெல்லி, சவ்விலிருந்து கரைந்த புரதம். அதையும் கொழுப்பென்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள், பாவம். கவுட் என்கிற மூட்டுவலி உள்ளவர்கள் கறித்துண்டைத் தவிர்த்துவிட்டுச் சாறை மட்டும் ஊற்றிக்கொள்வதும் தப்பு, யூரிக் அமிலத்தைக் கூட்டுகிற பியூரின் சாறிலும் இறங்கியிருக்கும்.

ஆறிய மாட்டுக்கறியைத் திரும்பச் சூடு பண்ணும்போது ஒரு பழைய வாடை வரும். கறியில் உள்ள இரும்புச்சத்து கொழுப்பைக் காற்றோடு வினைபுரிய வைப்பதால் வருவது அது. வெறுமனே வேகவைத்த கறியில் அதிகம், மசாலாவில் ஊறியதில் குறைவு, பட்டையும் கிராம்பும் இதைக் கொஞ்சம் தடுக்கும். அதனால் கறியைச் சாறோடு மூடி வைப்பதே நல்லது. எடுக்கும்போதும் வேண்டியதை மட்டும் எடுங்கள், மொத்தத்தையும் தினமும் கொதிக்க வைத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கறி ஏற்கெனவே வெந்தது, இன்னொரு தடவை வேகவைத்தால் நாராகிவிடும். பிய்த்து, தேங்காய் எண்ணெயில் தேங்காய்ப்பல், கறிவேப்பிலை, நிறைய மிளகு போட்டு, பெரிய தீயில் ஆவி பறக்கப் புரட்டி எடுத்தால் போதும், மலையாள வீட்டு வறுவல் மாதிரி வரும். பொடியாகக் கொத்தி முட்டையோடு தோசை மேல் பரப்பினால் கறிதோசை. மிஞ்சிய சப்பாத்தி, இடியாப்பம் இருந்தால் சால்னா ஊற்றிக் கொத்து. கட்லெட்டுக்கு முதலில் ஈரத்தை வற்றவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெயில் உடையும். உருண்டையாகப் பிடிக்காமல் தட்டையாகத் தட்டுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த கட்லெட் வெளியே சிவந்து, உள்ளே சில்லென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

என் ஓட்டு தால்ச்சாவுக்குத்தான். எலும்பும் நாலைந்து துண்டும் மிஞ்சினாலே போதும். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் வேகவைத்து, கத்தரிக்காய், வாழைக்காய், கொஞ்சம் மாங்காய், புளி சேர்த்து, எலும்பை அதில் நன்றாகக் கொதிக்கவிட்டால் வீடு முழுக்கச் சாப்பிடலாம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. பக்கத்தில் கொஞ்சம் கறியும் மாங்காய்ப் புளிப்பும் இருந்தால் அதுவும் கூடுதலாகச் சேரும். ஆனால் பல வீடுகளில் அந்த நாலு துண்டும் ஆண்கள் தட்டுக்குத்தான் போகிறது, இதை நான் ஆலோசனையின்போது முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். சாப்பிட்டதும் டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும், டீ இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நோன்புக் கஞ்சியிலும் இப்படிக் கொத்தின கறியைப் போடலாம்.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு மட்டும் முந்தின நாள் கறி வேண்டாம். காலை ஏழரைக்கு மூடி மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கிற டப்பா, வெயில் நாளில், வெதுவெதுப்பாக ஐந்து மணி நேரம் இருக்கும். கட்லெட்டைத் தட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சாயங்காலம் அவர்கள் வந்ததும் பொரித்துக் கொடுங்கள்.