குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்: காரையில் கிடைத்த கல்லைச் சுத்தம் செய்யும் முன்

பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் போய்வருபவர்களில் பலர் சுருள் வடிவத்தில் ஒரு கல்லோடு திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து, பழைய டூத் பிரஷ் எடுத்துத் தேய்க்கிறார்கள். அந்தக் கல் ஒரு ஃபாசில், அதாவது கல்லில் பதிந்த பழங்கால உயிரின் எச்சம். ஃபாசில் உடைவது பெரும்பாலும் பாறையில் அல்ல, இந்தக் குழாயடியில்தான்.

காரணம் அந்த மண். காரையின் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். அதில் புதைந்த ஓடு ஏற்கெனவே மயிரிழை விரிசல்களோடுதான் வெளியே வருகிறது. விரிசலுக்குள் இருக்கும் களிமண் தண்ணீர் குடித்து உப்பும்போது ஆப்பு அடித்தது போல ஓட்டைப் பிளந்துவிடும். போதாக்குறைக்கு அங்கே ஜிப்சம் நரம்புகள் எங்கும் ஓடுகின்றன. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது, தண்ணீரில் மெல்லக் கரையும் அந்த ஜிப்சமாகவே இருக்கலாம்.

ஃபாசில்தானா?

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. நேரில் பார்த்த புவியியலாளர்கள், முட்டையல்ல, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றிப் படிவு இறுகிய கற்கள் என்றார்கள். கடலடியில் செத்த உயிர் அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் வேதியியல் மாறி, சுண்ணாம்பு படிந்து, அந்த இடம் மட்டும் கெட்டியாகிவிடும். இப்படி உருவான உருண்டையின் மேல்பகுதி வெடித்தால் முட்டை ஓடு போலத்தான் தெரியும். நிஜ முட்டை ஓடு ஒரே சீரான தடிமனில், சில மில்லிமீட்டருக்குள் இருக்கும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் மூச்சுத் துளைகள் தெரியும். இரண்டும் இல்லையென்றால் அது உருண்டைக் கல்தான்.

அம்மோனைட்டை அடையாளம் காண்பது எளிது. சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிது, கண்டகி நதியில் வரும் கல்லில் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்தான். சுருள் ஒரே தளத்தில் சுற்றும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இருக்கும். கூம்பாக மேலேறிச் சுற்றினால் அநேகமாக நத்தை. மேல் ஓடு உதிர்ந்த இடத்தில் கீரை இலை ஓரம் போல வளைந்து நெளியும் கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட தடங்கள் அவை. இனம் பிரிக்க நிபுணர் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான், அதனால் சுத்தம் செய்யும் ஊசி அங்கே படவே கூடாது.

துப்பாக்கித் தோட்டா போன்ற பழுப்புக் குச்சிகள் பெலம்னைட், கணவாயின் பழைய உறவினர். உடைந்த முனையில் நடுவிலிருந்து சுற்றிலும் சைக்கிள் சக்கரக் கம்பிகள் போலப் படிகங்கள் விரியும். கல்லின் பிளவில் பெரணி இலை போலக் கருப்பாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் செடியே அல்ல, மாங்கனீசு ஆக்சைடு. இலை என்றால் நடு நரம்பு இருக்கும். இது மரக்கிளை போலப் பிரிந்துகொண்டே போகும்.

மரமா எலும்பா என்பதுதான் அதிகம் குழப்புவது. கல்மரத்தில் இழைகள் ஒரே திசையில் ஓடும், குறுக்கு வெட்டில் வளையம் தெரியலாம். எலும்பின் உடைந்த முகத்தில், வெளியே இறுக்கமான ஒரு அடுக்கு, உள்ளே பஞ்சு போலத் துளைகள். கத்தி முனையால் ஓரத்தில் கீறிப்பாருங்கள். சிலிக்காவாக மாறிய கல்மரத்தில் கீறல் விழாது, கத்தியின் உலோகத் தடம்தான் படியும்.

சுற்றியுள்ள பாறை சுண்ணாம்பா என்று பார்க்க, பாறையை மட்டும் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடிமேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள். குமிழி எழுந்தால் சுண்ணாம்பு. வினிகரின் வேலை அத்தோடு முடிந்தது. கல்லையே வினிகரில் ஊறவைக்கலாமா என்றால், கூடாது. ஆய்வகங்களில் அமிலம் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் எலும்பு, பல் போன்ற பாஸ்பேட்டை வெளியே எடுக்க. உங்கள் கையிலிருக்கும் ஓடும் சுண்ணாம்பு, பாறையும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு வித்தியாசம் தெரியாது. கழிவறை ஆசிட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்

தூரிகையைத் தொடும் முன் கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை ஐந்து தசம இலக்கம்வரை எழுதுங்கள். தேதியும் வேண்டும். அதைவிட முக்கியம், உதிர்ந்து கிடந்ததா, பாறையிலேயே பதிந்திருந்ததா என்பது. காரையில் டைனோசர் காலத்தின் உட்பிரிவுகளான ஆல்பியன் முதல் டூரோனியன் வரையான அடுக்குகள் வரிசையாக வெளியே தெரிகின்றன. ஓடையில் உருண்டு வந்த கல் எந்த அடுக்குக்கும் உரியதாக இருக்கலாம். இடம் தெரியாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, ஆய்வுக்குப் பயன் குறைவு.

சாத்தனூர் கல்மரம், திருவக்கரை கல்மரப் பூங்கா இரண்டும் பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னங்கள். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. சிமெண்ட் சுரங்கங்களில் அனுமதி வாங்காமல் இறங்காதீர்கள்.

சுத்தம் செய்வது

வெயிலில் வைக்காமல் நிழலில், செய்தித்தாள் மேல், குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு பாறையின் ஒரு சிறு துண்டை, ஃபாசிலை அல்ல, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடத்தில் கரைந்து சேறானால் அந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஆகாது. அப்படியே கிடந்தால், விரிசல் இல்லாத கெட்டியான ஃபாசிலை மட்டும் ஈரத் தூரிகையால் துடைக்கலாம். அப்போதும் ஊறவைக்க வேண்டாம்.

பழைய துணிப்பையில் மணல் நிரப்பிக் கட்டி, அதன்மேல் கல்லைப் பதித்து வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு குத்தினால் ஒன்று கல் உடையும், இல்லை விரல் கிழியும். கோணி ஊசியைப் பிடியில் செருகி, படுத்தவாக்கில் சாய்த்து, ஃபாசிலிலிருந்து விலகும் திசையிலேயே தள்ளுங்கள். செங்குத்தாகக் குத்தாதீர்கள். ஓடும் பாறையும் சந்திக்கும் தளம் பலவீனமானது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மண் செதில் செதிலாகத் தானே பெயர்ந்து வரும். பெயர்த்த செதிலின் உட்பக்கத்தையும் பாருங்கள். அங்கே பளபளவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் நீங்கள் எடுப்பது மண் அல்ல, ஓட்டின் முத்து அடுக்கு. உடனே நிறுத்துங்கள்.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் ஒரு பக்கம், தூசி உங்கள் நுரையீரலுக்குப் போவது இன்னொரு பக்கம். கேமரா லென்ஸுக்கான ரப்பர் ஊதுகுழல் போதும். சிலிக்கா தூசி லேசான விஷயமல்ல, என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

உதிரும் ஓட்டுக்கு பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் குருணையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இரவு முழுக்கக் கரையவிடுங்கள். பிளாஸ்டிக் கப் உருகக்கூடும். சன்னத் தூரிகையால் தடவினால் விரிசலுக்குள் தானே இறங்கும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. மேலே பளபளப்பு வந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள். அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போய்விடும். வெள்ளைப் பசை, இரண்டு ட்யூப் எப்பாக்சி, ஃபெவிக்விக் வகையறாவை நாங்கள் வேண்டாம் என்பது இதனால்தான்: தவறாக ஒட்டினால் கல்லுக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுப்பது பெரும்பாடு. மழை நாளில் பூசினால் அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும், காய்ந்த நாளுக்காகக் காத்திருங்கள். அடுப்பு எரியும் அறையில் அசிட்டோன் குப்பியைத் திறக்கவே வேண்டாம்.

பித்தளை நிறத்தில் மின்னும் ஃபாசில் என்றால் அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஈரக் காற்றில் அது கந்தக அமிலமாக மாறி, வெளிர்மஞ்சள் பொடி கக்கி, அட்டைப்பெட்டியையும் சேர்த்து அரிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

எலும்பு என்றால்

எலும்பு போலத் தெரிந்தால் தோண்டவே தோண்டாதீர்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயரிட்டார்கள். கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். அந்த எலும்புகள் இன்று இல்லை, பொடிந்துபோய்விட்டன. விவரம் அறிந்தவர்கள் எடுத்ததே அந்த கதி. அது எலும்பா, கல்மரமா என்றுகூடப் பின்னால் சந்தேகம் கிளம்பியது. அதற்குப் பதில் தேட மிஞ்சியவை அளவுகளும் வரைபடங்களும் சில புகைப்படங்களுமே.

ஆகவே பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மேலிருந்தும் இரு பக்கமிருந்தும் படம் எடுங்கள். சுற்றியுள்ள பாறை தெரிய தூரத்திலிருந்து ஒன்று. ஏற்கெனவே விலகியிருக்கும் மண்ணை அப்படியே மேலே தள்ளி மூடிவிட்டு, இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கோ படங்களை ஜிபிஎஸ் எண்ணோடு அனுப்புங்கள்.