பிள்ளையின் காரும் பாட்டும்: காது வைத்திருக்கும் வாரக் கணக்கு

செவித்திறன் பரிசோதனைக்குப் பதின்வயதுப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் அநேகமாக ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். "கூப்பிட்டா திரும்பறதே இல்ல டாக்டர். வேணும்னு பண்றானா, இல்ல காதுதான் கேக்கலையா?" பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "கேக்குது. ஆனா என்ன சொல்றாங்கன்னு சில நேரம் பிடிபடல."

இந்தப் பதிலைத்தான் நான் கவனமாகக் குறித்துக்கொள்வேன். உரத்த சத்தம் காதைக் கெடுக்கும்போது பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உச்சத்தொனிப் பகுதிதான் முதலில் அடிவாங்கும். எந்தத் தொனி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் தெரியும். பேச்சின் ஓசை காதில் விழும். க, ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மைதான் மங்கியிருக்கும். சொன்னது 'பல்'லா 'கல்'லா என்று குழம்பும். அமைதியான அறையில் பிள்ளை சமாளித்துவிடும். நாலு பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் தடுமாறும். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

உள்காதில் சத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கிடைப்பது அவ்வளவுதான். பறவைகளுக்கு இவை அழிந்தாலும் மறுபடி முளைக்கும், மனிதர்களுக்கு முளைக்காது. புல்தரையில் ஒருநாள் நடந்தால் மடங்கிய புல் மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் அதே இடத்தில் நடந்தால் அங்கே ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். மயிரணுக்களும் அப்படித்தான். அதற்கும் முன்னால், அணுவையும் நரம்பையும் இணைக்கும் முனைகளே அறுந்துபோகலாம் என்பதை 2009இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. மனிதர்களில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற ஆராய்ச்சி தொடர்கிறது. ஆடியோகிராம் சுத்தமாக இருந்தும் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், 'ரிப்போர்ட் நார்மல்' என்று அனுப்பிவிட எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

சரி, எவ்வளவு சத்தம் கூடாது? இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. காது சத்தத்தையும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். சிறுவர்களுக்கு இன்னும் குறைவாக, 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் சுமார் 20 நிமிடம், அதுவும் வாரம் முழுவதற்கும் சேர்த்து. பல ஃபோன்களில் இயர்ஃபோனை மாட்டி வால்யூமை முழுக்க ஏற்றினால் இந்த 100 வந்துவிடும்.

இயர்ஃபோனைப் பற்றிப் பெற்றோருக்கு ஏற்கெனவே பயம் இருக்கிறது, அதனால் கொஞ்சமாவது கண்காணிக்கிறார்கள். கார் விஷயத்தில்தான் யாரும் காதை நினைப்பதில்லை. உரிமம் கையில் வந்து, ஓட்ட ஒரு காரும் கிடைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது வெறும் வாகனம் இல்லை. கதவைச் சாத்தினால் யாரும் தட்டாத முதல் அறை அதுதான். நண்பர்களோடு மனம்விட்டுப் பேசுவதும், தோற்ற அன்று தனியாக அழுவதும், பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் அங்கேதான். இது ஒரு நல்ல விஷயம். அந்த வயதுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும்.

ஆனால் அந்த அறைக்குள் ஏற்கெனவே சத்தம் இருக்கிறது. வேகமாகப் போகும் சாதாரணக் காரில், கண்ணாடி ஏற்றியிருந்தாலும், டயரும் காற்றும் சேர்ந்து 70 டெசிபலை ஒட்டிவிடும். இறக்கிவிட்டால் இன்னும் ஏறும். அந்த இரைச்சல் பெரும்பாலும் அடித்தொனி என்பதால் பாட்டின் பேஸைத்தான் முதலில் விழுங்கும். பிள்ளை பேஸை ஏற்றும், அதற்கு ஈடாகக் குரலும் கிட்டாரும் கேட்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றும். நெஞ்சை அதிரவைக்கும் பேஸைவிட, அதோடு சேர்ந்து ஏறிய அந்த நடுத்தொனியும் உச்சத்தொனியும்தான் காதுக்கு அதிகக் கேடு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். போக 15 நிமிடம், வர 15 நிமிடம், வாரத்தில் 5 நாள், சத்தம் 95 டெசிபல். மொத்தம் இரண்டரை மணி நேரம். அந்த அளவுக்கு வாரத்துக்கு அனுமதி ஒன்றேகால் மணி நேரம்தான். வேறு எங்கும் பாட்டே கேட்காவிட்டாலும் அனுமதியைப்போல இருமடங்கு ஆயிற்று.

ஐஃபோனின் ஹெல்த் செயலி இயர்ஃபோன் சத்தத்தை 7 நாள் கணக்காகக் கூட்டி, அளவு மீறினால் எச்சரிக்கும். நல்ல வசதி. ஆனால் கார் ஸ்பீக்கரில் கேட்டது அந்தக் கணக்கில் சேராது. "என் ஃபோன்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்று பிள்ளைகள் காட்டும்போது நான் அடுத்து காரைப் பற்றித்தான் கேட்பேன்.

பிள்ளைகளை நம்பவைக்க நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. இரைச்சலான தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லித்தரும் பழைய வழி இது. காலையில் கார் நின்றபடி இருக்கும்போது, எஞ்சினை இயக்காமல், பேச்சு நிகழ்ச்சி ஒன்றை வைத்து, சொற்கள் மட்டுமட்டாகப் புரியும் அளவுக்கு வால்யூமைக் குறைத்து அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போலப் பாட்டோடு சுற்றிவிட்டு, மாலையில் அதே இடத்தில் நிறுத்தி அதே எண்ணில் வையுங்கள். சொற்கள் பிடிபடவில்லை என்றால் காது அன்றைக்குத் தற்காலிகமாகத் தளர்ந்திருக்கிறது. இதைச் செய்துபார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் அறிவுரை தேவைப்படுவதில்லை. வால்யூம் எண்ணை அதுவே குறைக்கும். சாவியைப் பிடுங்குவதால் இது நடக்காது, சண்டைதான் மிஞ்சும்.

காதோடு போகிற விஷயமும் இல்லை இது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்து. இஸ்ரேலில் 85 இளம் ஓட்டுநர்களை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வில், தங்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டு ஓட்டியபோது அவர்கள் அதிகத் தவறுகள் செய்தார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் கார் 22 மீட்டர் போய்விடும். அடுத்த பாட்டுக்காகத் திரையைப் பார்க்கும் அந்த இரண்டு நொடியை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. வண்டி ஓட்டும்போது இயர்ஃபோன் கூடவே கூடாது. பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காமல் போகும்.

காரைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் அன்றே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் எல்லை. பாட்டு வரிசையைக் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். வேகத்துக்கு ஏற்பத் தானாக வால்யூம் ஏறும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபோர்டின் மைகீ, செவ்ரோலேயின் டீன் டிரைவர் போன்ற வசதிகளில் உச்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கலாம். சீட்பெல்ட் போடாவிட்டால் பாட்டே வராது. பிள்ளைக்குத் தெரியாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இசைக்குழுவில் வாசிக்கும் பிள்ளைக்கு, குறிப்பாக டிரம்ஸ் என்றால், இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பான் வாங்கிக்கொடுங்கள். பஞ்சு வைப்பதில் பலனில்லை.

காதில் இரைச்சல் ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் மருந்து பலன் தரும் வாய்ப்பு குறையும். வழக்கமான பரிசோதனைக்கு வரும்போது, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள், இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரிகிறதா என்ற சோதனையும் செய்யுங்கள் என்று கேட்டுவாங்குங்கள். அதற்கு முந்தைய 14 மணி நேரம் பிள்ளையின் காதுக்கு உரத்த சத்தம் எதுவும் போகக் கூடாது. காரில் வருவதானால் பாட்டை அணைத்துவிட்டு வாருங்கள்.