மாநிறத்தை மாநிறமாகவே எடுங்கள்

"கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க." சென்னை ஸ்டுடியோக்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. கேட்பவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் பார்த்த தன் படங்களில் முகம் கரிக்கட்டையாகவோ சாம்பல் பூத்தோ வந்திருக்கும். வெளிச்சத்தைத் தப்பாக அளந்ததால் வந்த வினை அது.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். காலையில் மெரினாவில் கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை நிறுத்தினால், ஃப்ரேமில் பெரும்பகுதி பளிச்சென்ற வானம். மீட்டர் அதை அடக்கும். முகம் இரண்டு ஸ்டாப் வரைகூட இருண்டுபோகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதை கம்ப்யூட்டரில் தூக்கினால் நாய்ஸ் என்ற புள்ளிக் கறை ஏறும், தோலின் செம்மை செத்துவிடும், முகம் திருநீறு பூசியதுபோல் தெரியும்.

ஃப்ரேமில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தை அளங்கள். அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. அடர்கறுப்புத் தோலையும் மீட்டர் சாம்பலாகத் தூக்கிவிடும் என்பதால் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். மாநிறத்துக்கு அளவை அப்படியே விடலாம். வெளுத்த தோலுக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

முகத்துக்கு அளந்தால் வானம் வெளுத்துப்போகுமே? போகும். அதனால் முகத்துக்கு வெளிச்சம் கொடுங்கள். 3×2 அடி வெள்ளை தெர்மாகோல் அட்டையை, ஆளிடமிருந்து மூன்றடி தள்ளி, மார்பளவு உயரத்தில் லேசாக மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் போதும். கடற்காற்றில் பறக்கும், பிடிக்க ஆள் வேண்டும். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளிநிற ரிஃப்ளெக்டர் வேண்டாம், கண்ணைக் கூசவைக்கும்.

இதைவிட எளிய வழி மாலை நேரம். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. வெயில் நகரத்துப் பக்கம் இறங்கும்போது ஆளைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால், முகத்திலும் அலையிலும் ஒரே வெளிச்சம் விழும். பெசன்ட் நகரில் கட்டட நிழல் மணலில் நீளும் முன்பே தொடங்கிவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, ஷட்டர் 1/250 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/5.6 என்று ஆரம்பித்து, படத்தின் இருட்டு வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து மாற்றலாம். அகல லென்ஸோடு முகத்தருகே போனால் மூக்கு பெரிதாகும். ஆறடியாவது தள்ளி நில்லுங்கள். கடல்கோடு கழுத்தை வெட்டினால் கேமராவைத் தாழ்த்துங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மாலை மஞ்சளை அது கழுவிவிடும். 5,500 கெல்வினில் நிறுத்துங்கள். வேப்பமர நிழலில் பச்சை ஏறும், பிறகு நிறத்தைச் சரிசெய்ய அங்கே கிரே கார்டு என்ற சாம்பல்நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்குப் பவுடர் பூசவே வேண்டாம், ஃப்ளாஷ் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும். பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாலே போதும். மொபைலில் எடுப்பவர்கள் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள்.

தோல் நிறம் படத்தில் கெடும் இந்தக் கோளாறு ஃபிலிம் காலத்திலேயே உண்டு. கோடாக்கின் ஷெர்லி கார்டு என்ற அளவு அட்டையில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். படங்களைப் பிரிண்ட் போடும் லேப்கள் தோல் நிறத்தை அதை வைத்தே சரிபார்த்தன. இன்று நம் கையில், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இருக்கிறது. அதிலும் நாமே வெளுப்பைத் திணிப்பது எனக்கு வருத்தம்.

திருத்தி முடித்ததும் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி, மணப்பெண்ணின் முகத்தையும் வளையல் போட்ட கையையும் சேர்த்துப் பாருங்கள். முகம் ஒரு நிறம், கை வேறு நிறம் என்றிருந்தால் முகத்தை வெளுக்கவைத்த ஸ்லைடரைப் பின்னால் இழுங்கள்.